‘நான் ஏன் இப்படி?’ என்று கேட்பதை நிறுத்திய பிறகு

எங்கள் அலுவலகத்தில் அவ்வப்போது நடக்கும் பயிற்சி வகுப்பு ஒன்றில், பக்கம் பக்கமாகக் கேள்விகளுக்கு டிக் அடித்து முடித்ததும், நான்கு ஆங்கில எழுத்துகளால் ஆன ஓர் ஆளுமை வகை ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே எழுதித் தரப்பட்டது. அன்று மதிய உணவு நேரம் முழுவதும் அதே பேச்சுதான். ‘அதனால்தான் கூட்டத்தில் எனக்கு வாயே வருவதில்லை’ என்றார் ஒருவர். ‘அதனால்தான் என் மாமியாருக்கும் எனக்கும் ஒத்துப்போகவே இல்லை’ என்றார் இன்னொருவர். கோப்புகளை எப்போதும் தாமதமாகத் தருகிற ஒருவர், தன் வகையைச் சேர்ந்தவர்கள் காலக்கெடுவுக்குக் கட்டுப்பட மாட்டார்கள் என்று அச்சிட்ட தாளையே எடுத்துக் காட்டிவிட்டு நிம்மதியாகச் சப்பாத்தியைப் பிட்டுத் தின்றார். ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்த தொல்லைகளுக்கெல்லாம் ஒரே மதியத்தில் காரணம் கிடைத்துவிட்டது. எதையும் மாற்றிக்கொள்ள வேண்டிய அவசியம் மட்டும் யாருக்கும் ஏற்படவில்லை.

அந்த நான்கெழுத்துத் தேர்வின் வரலாற்றைப் பிறகு தேடிப் படித்தேன். கார்ல் யுங் 1921இல் முன்வைத்த ஆளுமை வகைகளை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸ் என்பவரும் அவருடைய மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸும் உருவாக்கியது அது. இருவருமே உளவியலை முறையாகப் பயின்றவர்கள் அல்லர். சில வாரங்கள் கழித்து அதே தேர்வை மறுபடி எழுதினால் கணிசமானவர்களுக்கு வேறு வகை வந்துவிடுகிறது என்பது அதன்மீது நெடுங்காலமாகச் சொல்லப்படும் குறை. இருந்தும் ‘என்னைப் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதியதுபோல் இருக்கிறதே’ என்று பலருக்குத் தோன்றுகிறது. அது எப்படி என்பதற்கு 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் தம் மாணவர்களை வைத்துச் செய்த சோதனையில் விடை இருக்கிறது. அவர் 39 மாணவர்களுக்கு ஓர் ஆளுமைத் தேர்வை நடத்தி, பிறகு ஒவ்வொருவரிடமும் ‘இது உங்கள் முடிவு’ என்று ஒரு தாளைக் கொடுத்து, அது எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லாத் தாள்களிலும் இருந்தது ஒரே வாசகம். அதன் பெரும்பகுதி கடையில் விற்ற ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டது. மற்றவர்கள் தன்னை மதிக்க வேண்டும் என்ற ஏக்கம், தன்னைத் தானே குறை சொல்லிக்கொள்ளும் சுபாவம் என்று யாருக்கும் பொருந்தக்கூடிய வரிகள்தாம் அதில் இருந்தன. கிளி எடுத்துத் தரும் சீட்டுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. கிளியாவது நெல்மணியோடு திருப்திப்பட்டுவிடும்.

உளவியலைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எனக்கு அதனால் கிடைத்த பயன் பெரிது. ஆனால் அந்தப் பயன், நான் யார் என்று சொன்ன கருத்துகளிலிருந்து வரவில்லை. எந்தச் சூழலில், எந்த நேரத்தில், யார் முன்னால், எதற்கு அடுத்து நான் என்ன செய்கிறேன் என்று பார்க்கக் கற்றுக்கொடுத்த கருத்துகளிலிருந்து வந்தது. முதல் வகைக் கருத்துகள் கைபேசியில் ஓயாமல் வந்து விழுகின்றன. இரண்டாம் வகையை நாமாகத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

நான் தேடிப் போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்தில் தனியாக இருக்கும் என் அம்மா தினமும் மாலையில் தொலைபேசியில் அழைப்பார். மும்பை சி.எஸ்.எம்.டி. நிலையத்தில் ஹார்பர் லைன் ரயிலைப் பிடித்து நான் செம்பூருக்கு வந்துகொண்டிருக்கும் நேரம் அது. பேச ஆரம்பித்து இரண்டு நிமிடம் ஆவதற்குள் என் குரலில் ஒரு கடுமை ஏறிவிடும்; அது எனக்கே கேட்கும். ஒருநாள் என்னோடு ரயிலில் வந்த என் மகள், “பாட்டிகிட்ட மட்டும் ஏம்மா இப்படிப் பேசறே?” என்றாள். அவள் கேட்பதற்கு முன்பே அதே கேள்வியை நான் என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். விடைகளுக்கும் குறைவில்லை: எனக்குப் பொறுமை போதாது, மூத்த மகளாகப் பிறந்து சிறு வயதிலேயே வீட்டுப் பொறுப்பைச் சுமந்ததன் விளைவு இது, தம்பிக்குக் கிடைத்த சலுகை எனக்குக் கிடைக்கவில்லை என்ற பழைய மனத்தாங்கல். எல்லாமே நம்பும்படியாகத்தான் இருந்தன. அன்றன்றைய மனநிலைக்கு ஏற்ப விடை மாறியதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. அலுப்பாக இருந்த இரவில் அம்மாமேல் பழி விழுந்தது, மனம் இளகியிருந்த இரவில் என்மேல் விழுந்தது.

தன் நடத்தைக்குத் தானே சொல்லும் காரணம் எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பதைப் பற்றி ரிச்சர்ட் நிஸ்பெட், திமோதி வில்சன் ஆகிய இருவரும் 1977இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்று உண்டு. அதில் வரும் ஒரு சோதனை கடையில் நடந்தது. பெண்கள் அணியும் நைலான் காலுறைகள் நான்கு ஜோடியை வரிசையாக வைத்து, எது தரமானது என்று வாடிக்கையாளர்களைக் கேட்டார்கள். வலக்கோடியில் இருந்ததையே ஏராளமானோர் தேர்ந்தெடுத்தார்கள்; இடக்கோடியில் இருந்ததைவிட அதற்கு ஏறக்குறைய நான்கு மடங்கு ஆதரவு. ஏன் என்று கேட்டபோது நெசவு நன்றாக இருக்கிறது, மென்மையாக இருக்கிறது என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். நான்கும் ஒரே பொருள். வைத்திருந்த இடம் உங்கள் தேர்வைப் பாதித்திருக்குமா என்று நேராகக் கேட்டபோதும் அநேகமாக எல்லாரும் மறுத்தார்கள். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. உள்ளே என்ன நடந்தது என்பதைப் பார்க்க முடியாத இடத்தில், நடந்திருக்கக்கூடிய ஒன்றை மனம் தயாரித்துக் கொடுக்கிறது. தயாரித்தது என்ற உணர்வே நமக்கு வருவதில்லை. ‘நான் ஏன் இப்படி?’ என்று இரவில் படுத்துக்கொண்டு கேட்கும்போது நாமும் காலுறையின் நெசவைத்தான் புகழ்ந்துகொண்டிருக்கிறோம் என்று படித்தபோது எனக்குத் தோன்றியது.

இன்னொரு படிப்பு இதைவிட ஆழமாகப் பதிந்தது. மனிதர்களின் குணம் எல்லா இடங்களிலும் ஒரே மாதிரி வெளிப்படும் என்ற நம்பிக்கையை 1968இல் வால்டர் மிஷெல் கேள்விக்கு உட்படுத்தினார். ஓர் இடத்தில் நேர்மையாக இருந்த குழந்தை இன்னோர் இடத்தில் நேர்மையாக இருக்கும் என்று ஊகிப்பதற்கு, பழைய ஆய்வுகளில் நாம் நினைக்கும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்பது அவர் வாதம். பிறகு யூச்சி ஷோடாவும் அவரும் சேர்ந்து கோடைக்கால முகாம் ஒன்றில் சிறுவர்களை நாள்தோறும் கவனித்துக் குறிப்பெடுத்தார்கள். மொத்தக் கணக்கில் இரண்டு சிறுவர்கள் ஒரே அளவு முரட்டுத்தனம் உள்ளவர்களாக இருந்தாலும், ஒருவன் பெரியவர்கள் எச்சரிக்கும்போது சீறுவான், சக சிறுவர்கள் சீண்டினால் பேசாமல் போய்விடுவான். மற்றவனிடம் அது நேர்மாறாக இருக்கும். இந்த வடிவம் ஒவ்வொரு சிறுவனிடமும் நிலையாக இருந்தது. ‘இவன் முரடன்’ என்ற சொல் இருவரையும் ஒரே பெட்டியில் போட்டு மூடிவிடுகிறது. ‘இது நடந்தால் இவன் இப்படிச் செய்வான்’ என்ற வரியில்தான் அவனவன் தெரிகிறான். ஆளுமை என்பதற்கு நான் படித்தவற்றுள் மிகவும் ஏற்கத்தக்க விளக்கம் இதுதான்.

ஆகவே காரணம் தேடுவதை விட்டுவிட்டு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். அதில் கோடு போட்டு நான் பிரித்துக்கொண்ட பத்திகள் ஆரன் பெக்கின் சிகிச்சை முறையிலிருந்து எடுத்தவை. பிலடெல்பியாவில் உளப்பகுப்பாய்வாளராகத் தொழிலைத் தொடங்கிய பெக், நோயாளிகள் வாய்விட்டுச் சொல்வதற்கு அடியில் இன்னொரு எண்ண ஓட்டம் இருப்பதைக் கவனித்தார். ஒரு பெண் தன் அந்தரங்க வாழ்க்கையைப் பற்றி விரிவாகப் பேசிக்கொண்டே பதற்றமாக இருந்தார். பேசிய விஷயம்தான் பதற்றத்துக்குக் காரணம் என்று உளப்பகுப்பாய்வுக் கோட்பாடு சொன்னது. விசாரித்தபோது, தான் பேசுவது மருத்துவருக்குச் சலிப்பூட்டுகிறதோ என்ற எண்ணம் அவருக்குள் ஓடிக்கொண்டே இருந்தது தெரியவந்தது. நொடியில் தோன்றி மறையும் இத்தகைய எண்ணங்களுக்குத் தானியங்கி எண்ணங்கள் என்று பெயரிட்டு, 1960களில் தம் சிகிச்சையை அவற்றின்மேல் கட்டினார் பெக். அவர் நூறு வயது நிறைந்து 2021இல் மறைந்தார். அந்த முறையின் அடிப்படைக் கருவி ஒரு சாதாரண அட்டவணைதான்: என்ன நடந்தது, என்ன உணர்ந்தேன், அது நூற்றுக்கு எவ்வளவு, அந்த நொடியில் மனதில் ஓடிய வாக்கியம் எது, அந்த வாக்கியத்துக்கு ஆதரவாகவும் எதிராகவும் என்ன சான்று இருக்கிறது.

நோட்டில் இருக்கும் ஒரு வரியை அப்படியே தருகிறேன். ‘செவ்வாய், மாலை 6.50. காட்டன் கிரீன் தாண்டி. நிற்கிறேன். அம்மா கேட்டது: இன்னும் வீட்டுக்குப் போகலையாடி? எரிச்சல் 70, குற்ற உணர்வு 50. ஓடிய எண்ணம்: வீட்டைக் கவனிக்காமல் ஊர் சுற்றுகிறேன் என்று குத்திக்காட்டுகிறாள்.’

எழுதிப் பார்க்கும்வரை அந்தக் கடைசி வாக்கியம் என் மனதில் ஓடுகிறது என்றே எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் எரிச்சல் மட்டும்தான். எரிச்சல் நேராக அம்மாவின் கேள்வியிலிருந்து வருவதாக நினைத்திருந்தேன். இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப்போல என் எண்ணம் உட்கார்ந்துகொண்டு, அம்மா சொல்லாத ஒன்றைச் சொன்னதாக எனக்கு எடுத்துரைத்துக்கொண்டிருந்தது. எதிர்ச் சான்று என்ற பத்தியை நிரப்ப அன்று வெகுநேரம் ஆனது. மழைக்காலத்தில் சுனாபட்டி அருகே தண்டவாளத்தில் தண்ணீர் நின்று ரயில் நிறுத்தப்பட்ட நாளில் தொலைக்காட்சியில் அதைப் பார்த்துவிட்டு அம்மா விடாமல் அழைத்தது நினைவுக்கு வந்தது. அதை எழுதினேன். பிறகு, ஊகித்துக்கொண்டிருப்பதைவிடக் கேட்டுவிடலாமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் கேட்டேன்.

“எதுக்கும்மா தினமும் அதையே கேக்கறே?”

“நீ வீட்டுக்குப் போய்ச் சேந்துட்டேன்னு தெரிஞ்சாத்தான் நான் தட்டு வைப்பேன். ராத்திரி மாத்திரை இருக்குல்ல, நேரத்துக்குச் சாப்பிட வேணாமா?”

அவர் கணக்கு அவ்வளவு எளிமையாக இருந்தது. இதைப் படித்துவிட்டு, எல்லாருடைய கேள்விக்கும் பின்னால் அன்புதான் இருக்கும் என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். சான்று எதிர்த்திசையிலும் போகலாம். உண்மையிலேயே குத்திக்காட்டுகிற உறவினர்கள் எனக்கும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றிய பக்கங்களில் ஆதரவுப் பத்தி நிரம்பி வழிகிறது. பெக்கின் முறையை நேர்மறைச் சிந்தனை என்று பலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். எல்லாம் நல்லதற்கே என்று நினைத்துக்கொள்ளும்படி அது சொல்வதே இல்லை. மனதில் ஓடிய வாக்கியத்தை, வழக்கு விசாரிக்கும் நிதானத்தோடு, சரியா தவறா என்று பார்க்கச் சொல்கிறது. சரியென்று தெரிந்தால் அடுத்து என்ன செய்வது என்று யோசிக்க வேண்டியதுதான்.

பக்கங்கள் சேரச் சேர, ஒற்றை வரிகளைவிட அவற்றின் வரிசை அதிகம் சொன்னது. வடாலாவில் கூட்டம் இறங்கி உட்கார இடம் கிடைத்த நாள்களில் எரிச்சலின் எண் பாதிக்கும் கீழே இருந்தது. பெண்கள் பெட்டியில் ‘எங்கே இறங்குவீர்கள்’ என்று கேட்டுக் கேட்டு இடம் பிடிக்க வேண்டியிருந்து, அதற்குள் கைபேசி அடித்தால் எண் ஏறியது. ஞாயிற்றுக்கிழமையில் அதே அம்மா அதே தொனியில் எதைக் கேட்டாலும் ஒன்றும் ஆகவில்லை. மாதக் கடைசியில், இழப்பீட்டுக் கோரிக்கைகளை முடித்துத் தர வேண்டிய வாரத்தில், உட்கார்ந்து வந்த நாளில்கூட எண் உச்சத்தில் இருந்தது. பொறுமையற்றவள் என்று நான் எனக்கு ஒட்டிவைத்திருந்த பெயருக்கு இந்தப் பட்டியலில் இடமே இல்லை. பொறுமையற்றவள் ஞாயிற்றுக்கிழமையும் பொறுமையற்றவளாகத்தானே இருக்க வேண்டும்? பழைய மனத்தாங்கல் காரணம் என்றால் அது வடாலாவில் இடம் கிடைத்ததும் எப்படிக் குறையும்? பிள்ளைப் பருவத்தில் நடந்தவற்றுக்கு எந்தப் பங்கும் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. குத்திக்காட்டுகிறாள் என்ற எண்ணம் அங்கிருந்துதான் முளைத்திருக்கக்கூடும். ஆனால் அதை மாற்றுவதற்கு என் கையில் எதுவும் இல்லை, மாலை 6.50க்கு நடப்பதை மாற்ற இருந்தது.

மாற்றுவதற்கு நான் எடுத்துக்கொண்டது பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளரின் கருத்து. இனிமேல் இப்படி இருப்பேன் என்று பொதுவாக உறுதி எடுப்பதைவிட, ‘இன்ன இடத்தில் இன்னது நடந்தால் நான் இன்னது செய்வேன்’ என்று முன்கூட்டியே வாக்கியமாக முடிவுசெய்துகொள்வது செயலாக மாறும் வாய்ப்பு அதிகம் என்று அவர் காட்டினார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலையை எப்படிக் கழித்தோம் என்று இரண்டு நாளுக்குள் ஓர் அறிக்கை எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் சொன்ன ஒரு சோதனையில், எங்கே எப்போது உட்கார்ந்து எழுதுவோம் என்று முன்பே குறித்துக்கொண்டவர்களில் நான்கில் மூன்று பங்கினர் அளவுக்கு அனுப்பினார்கள். எழுத வேண்டும் என்று மட்டும் நினைத்திருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே அனுப்பினார்கள். 2006இல் 94 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோதும் இந்த முறையின் பயன் கணிசமாகவே இருந்தது. மிஷெல் முகாமில் கண்ட வாக்கியமும் இதுவும் ஒரே அச்சில் இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று நாம் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதைச் சொல்கிறது, மற்றது அதே இடத்தில் வேறொன்றை நட்டுவைக்கிறது. முதலாவதைக் கண்டுபிடிக்காமல் இரண்டாவதை எழுத முடியாது. ‘இனி அம்மாவிடம் கோபப்பட மாட்டேன்’ என்று நான் எடுத்த உறுதிமொழிகள் எங்கே போய் விழுந்தன என்று இப்போது புரிகிறது. அவற்றுக்கு நேரமும் இடமும் கிடையாது.

நான் எழுதிக்கொண்டவை இரண்டு. பயோமெட்ரிக்கில் விரலை வைத்துவிட்டு லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது, நானே அம்மாவை அழைத்து எந்த வண்டி என்று சொல்வேன். அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால், விளக்கம் எதுவும் சொல்லாமல், போய்ச் சேரும் நேரத்தை மட்டும் சொல்வேன். முதலாவது அநேகமாக உடனே பிடித்துக்கொண்டது, ஏனென்றால் எங்கள் லிஃப்டு வருவதற்கு எப்போதும் நேரமாகும். வேறு வேலையும் அங்கே இல்லை. இரண்டாவது இன்றும் சில நாள் நழுவுகிறது. இவற்றைத் தவிர, நோட்டைப் பார்த்துவிட்டு நான் செய்த மிகப் பெரிய மாற்றம் உளவியலோடு சம்பந்தமே இல்லாதது: மாதக் கடைசி வாரத்தில் காலையில் அரை மணி முன்னால் வந்து மாலையில் அரை மணி முன்னால் கிளம்ப அனுமதி கேட்டு வாங்கினேன். அந்த நேரத்து வண்டியில் நிற்கவாவது இடம் இருக்கிறது. சுயமுன்னேற்றப் பேச்சுகளில் எனக்குள்ள பெரிய மனக்குறை இதுதான். பாதித் தொல்லை ரயில் நெரிசலிலும் வேலைப்பளுவிலும் இருக்கும்போது, முழுத் தொல்லையும் மனதில்தான் இருக்கிறது என்று சொல்லி, மூச்சுப் பயிற்சியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

எத்தனை நாளில் பழகும் என்று பலர் கேட்கிறார்கள். எந்தப் பழக்கமும் 21 நாளில் படிந்துவிடும் என்று பரவலாகச் சொல்லப்படும் கணக்குக்கு ஆய்வு ஆதாரம் கிடையாது. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் அறுவை மருத்துவர், முகத்தைச் சீரமைத்துக்கொண்டவர்களுக்குத் தம் புதிய தோற்றம் பழக ஏறத்தாழ மூன்று வாரமாவது பிடிக்கிறது என்று 1960இல் எழுதியது, ஊர் ஊராகச் சுற்றி இப்படி ஆகிவிட்டது. லண்டனில் பிலிப்பா லாலியும் உடன் பணியாற்றியவர்களும் 96 பேரை வைத்து, மதிய உணவோடு பழம் சாப்பிடுவது போன்ற சிறு பழக்கங்களைத் தொடர்ந்து பார்த்தபோது, அது தானாக நடக்கும் நிலையை எட்டுவதற்குச் சராசரியாக 66 நாள் என்று வந்தது. ஆளுக்கு ஆள் அது 18லிருந்து 254 வரை விரிந்திருந்தது. நடுவே ஒருநாள் விட்டுப்போனால் பெரிய நட்டமில்லை என்பதும் அதில் தெரிந்தது. மன உறுதி என்பது பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகும் சரக்கு என்று 1998இலிருந்து பிரபலமாகியிருந்த கருத்து, 2016இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து சோதித்தபோது ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போனது. உளவியலில் ஒரு கருத்தைக் கையில் எடுப்பதற்கு முன் அது மறுசோதனையில் நின்றதா என்று பார்ப்பது நல்லது.

எழுதுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. நோட்டை எடுத்து உட்கார்ந்தால், குறிப்பு எடுப்பது எங்கே முடிகிறது, பழையதை அசைபோடுவது எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் போய்விடும். மனச்சோர்வில் இருப்பவர்கள் தங்கள் சோர்வின் காரணத்தையும் விளைவையும் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருப்பது அந்தச் சோர்வை நீட்டிக்கிறது என்று சூசன் நோலன்-ஹோக்சிமா பல ஆண்டுகள் ஆய்ந்து காட்டினார். அதே சமயம் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், வாழ்க்கையின் கசப்பான அனுபவத்தை நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுதிய மாணவர்கள், அடுத்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. பிற்காலத் தொகுப்பாய்வுகளில் அந்தப் பயன் சிறியதாகத்தான் தெரிகிறது. ஆனாலும் அது உண்டு. ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இவ்விரண்டையும் நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: பென்னிபேக்கரின் மாணவர்களுக்கு நேர வரம்பு இருந்தது; பயன் பெற்றவர்களின் எழுத்தில் நாளுக்கு நாள் கதை நகர்ந்தது. அசைபோடுகிறவருக்கு நேரமும் முடிவதில்லை, கதையும் நகர்வதில்லை. அதனால் என் நோட்டில் ஒரு நிகழ்வுக்கு ஒரு வரிசைதான். பக்கம் தாண்டினால் மூடிவிடுகிறேன்.

தனக்குத் தானே பேசிக்கொள்ளும்போது ‘நான்’ என்பதை விட்டுத் தன் பெயரைச் சொல்லியோ ‘நீ’ என்றோ பேசினால் பதற்றம் குறைகிறது என்று ஈதன் கிராஸ் முதலானோர் 2014இல் எழுதினார்கள். நமக்கு இது புதிதாக இருக்க நியாயமில்லை. அகப்பாடல்களில் தலைவன் தன் நெஞ்சைக் கூப்பிட்டு வைத்து வாதிடுவான். குறளில் ‘நெஞ்சொடு கிளத்தல்’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ரயிலில் நின்றுகொண்டு மனதுக்குள் ‘நீ இப்போது நிற்கிறாய், பசிக்கிறது, அவ்வளவுதான்’ என்று சொல்லிக்கொள்வது எனக்கு ஒத்துவந்தது. வாய்விட்டுச் சொல்வதற்கு இன்னும் தைரியம் வரவில்லை, குர்லாவில் ஏறுகிறவர்கள் ஏற்கெனவே ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள்.

இந்தக் கருவிகளை அடுத்தவர்மேல் திருப்புவதில் நான் மிகவும் எச்சரிக்கையாக இருக்கிறேன். என் மகளின் வயதில் இருப்பவர்கள் பேச்சில் ‘டாக்ஸிக்’, ‘நார்சிஸிஸ்ட்’, ‘ட்ராமா’ என்ற சொற்கள் சர்வசாதாரணமாக விழுகின்றன. பிறர் நடத்தைக்கு அவர்கள் குணத்தையும் நம் நடத்தைக்குச் சூழலையும் காரணமாக்கும் வழக்கம் மனிதர்களுக்கு எப்போதும் உண்டு. இதன் முதல் பாதிக்குத்தான் லீ ராஸ் 1977இல் ஒரு பெயர் கொடுத்து, அதை அடிப்படைப் பிழை என்றே அழைத்தார். கியூபத் தலைவர் காஸ்ட்ரோவை ஆதரித்துக் கட்டுரை எழுதும்படி ஒருவருக்குக் கட்டளையிடப்பட்டது என்று தெரிந்த பின்னும், படித்தவர்கள் அவரைக் காஸ்ட்ரோ ஆதரவாளர் என்றே எண்ணினார்கள் என்பது அதற்கு முந்தைய ஒரு சோதனை. மருத்துவச் சொற்கள் அந்தப் பழைய வழக்கத்துக்குப் படித்தவர் தோரணையைக் கொடுத்துவிடுகின்றன. கணவரின் மௌனத்துக்கு நான் ஒரு பெயர் வைத்திருந்தேன். எப்போது மௌனமாகிறார் என்று குறிக்க ஆரம்பித்ததும் அந்தப் பெயரால் எனக்குப் பயன் இல்லாமல் போயிற்று. விவரம் அவருடையது என்பதால் இங்கே எழுதவில்லை.

நோட்டுப் புத்தகத்தால் ஆகாதவையும் உண்டு. தூக்கம் வாரக்கணக்கில் போய்விட்டது, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால் அட்டவணை போட்டுக்கொண்டிருக்கக் கூடாது. பெக்கின் அட்டவணைகூடப் பயிற்சி பெற்றவரோடு உட்கார்ந்து நிரப்புவதற்கென்று உருவானதுதான். செம்பூருக்கு அடுத்த தேவ்னாரில் இருக்கும் டாடா சமூக அறிவியல் நிறுவனம் ‘ஐகால்’ என்ற ஆலோசனைச் சேவையை நடத்துகிறது. 2022இல் தொடங்கிய மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ சேவைக்கு 14416 என்ற எண்ணை எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம்; தமிழிலும் பேசலாம். மும்பையில் இந்தியில் சமாளித்துவிடும் நம்மவர்களுக்கும், அழுகை வரும் விஷயத்தைத் தமிழில் சொல்ல முடிவது பெரிய வசதி.

என் நோட்டில் இப்போது ஓடிக்கொண்டிருப்பது வேறு விஷயம்: இரவில் கைபேசியில் தேவையில்லாத பொருள்களை வாங்குவது. நேரம் என்ற பத்தியில் எல்லா வரிகளும் பதினொன்றைத் தாண்டியே இருக்கின்றன. பெரும்பாலும் பாத்திரம், அதிலும் மூடியுள்ள டப்பாக்கள். அதற்கு முன் என்ன நடந்தது என்ற பத்தியில் இதுவரை எந்த வரிசையும் தென்படவில்லை. மாதக் கடைசியா என்று பார்த்தேன், இல்லை. மகள் விடுதிக்குத் திரும்பிப் போகும் நாள்களோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம் என்று நேற்றுதான் தோன்றியது. அதற்கு அவள் இன்னும் சில தடவை வந்து போக வேண்டும்.